மைனர்க் கோவையும் மாற்றுச் சுரக்கூட்டும்

முன்னரே அமைந்த பாடலை வாசித்தலோடு நில்லாது, உள்ளத்து எழும் சுரங்களை அவ்வப்போதே இயைத்து வாசித்தலை மனோதர்மம் என்கின்றோம். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த ஜாஸ் இசைக்கும் அதுவே உயிர். ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. நம் பாடகர் ஓர் இராகத்தில் நிலைத்து நின்று விரிப்பர். ஜாஸ் கலைஞரோ, பாட்டின் அடியில் ஓயாது மாறிவரும் சுரக்கூட்டுகளுக்கு இயைய வாசித்தல் வேண்டும். பல சுரங்கள் ஒருங்கே ஒலிப்பதே சுரக்கூட்டு. அதனைக் கார்ட் என்பர். கூட்டுதோறும் ஒரு கோவையை நினைந்து தேடப் புகின், தேடி முடியுமுன் பாட்டே கடந்துவிடும். இவ்விடர்ப்பாட்டிற்குக் கித்தார் வல்லார் கண்ட வழியை ஈண்டு ஆராய்வாம்.

பிலடெல்பியா நகரிற் பிறந்த பாட் மார்ட்டினோ (1944–2021), எக்கூட்டையும் மைனராக மாற்றி நோக்கும் முறையைக் கற்பித்தவர். மைனர்க் கோவையின் அடையாளம் நாம் சாதாரண காந்தாரம் என்று வழங்கும் சுரமாகும். நம் கரகரப்பிரியா, நடபைரவி, கௌரிமனோகரி ஆகிய மூன்றும் அமைப்பால் மைனர்க் கோவைகளே. இவற்றின் முதலைந்து சுரங்கள் ஒன்றே. தைவத நிஷாதங்களே வேறுபடும். ஆதலின் ஒன்றிற் பழகிய விரல் ஏனையவற்றிலும் எளிதிற் செல்லும்.

இனி ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். டி மைனர், ஜி ஏழு, சி மேஜர் என்னும் மூன்று கூட்டுகள் ஜாஸ் பாட்டுகளில் அடிக்கடி தொடர்ந்து வரும். முதற்கூட்டில் டி யைச் சட்ஜமாகக் கொண்டு கரகரப்பிரியா அமைப்பை வாசிக்கலாம். ஜி ஏழின் ஐந்தாஞ் சுரம் டி ஆதலின், அதே கோவை அதற்கும் பொருந்தும்.

ஈண்டே மாற்றுக்கூட்டு வருகின்றது. ஜி ஏழின் சுரங்கள் ஜி, பி, டி, எஃப் என்பன. இவற்றுள் பி, எஃப் என்னும் இரண்டும் ஒன்றற்கொன்று ஆறு மெட்டுத் தொலைவின. ஜி யினின்று ஆறு மெட்டுத் தள்ளிய டி பிளாட் ஏழிலும் இவ்விரண்டும் உள. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கும் உரிமை பெறுகின்றது. டி பிளாட்டின் ஐந்தாஞ் சுரம் ஏ பிளாட். அதனைச் சட்ஜமாக்கிக் கௌரிமனோகரி அமைப்பை வாசிப்பின், ஜி, பி, எஃப் மூன்றும் கிடைக்கும். எஞ்சிய நான்கும் சி மேஜர்க்கு அயலானவை. அவ்வயன்மையே கேட்போர் நெஞ்சில் ஓர் ஏக்கத்தை எழுப்புகின்றது.

அவ்வேக்கம் தீர்தல் வேண்டும். சி மேஜர் வந்தவுடன் ஒரு மெட்டு மேலேறி, ஏ யில் நடபைரவி அமைப்பைத் தொடின், சி மேஜரின் சுரங்களே ஒலிக்கும். எஃப் இ யிலும், பி சி யிலும் சென்று அமைதியுறும். திரும்பும் வழி அறியாதான் அயற்சுரத்தை வாசிப்பின் அது பிழையாகவே கேட்கும். அறிந்தான் வாசிப்பின் அதுவே அழகாகும்.

1980 இல் மூளையிற் செய்த அறுவை மருத்துவத்தின் பின் மார்ட்டினோ தம் நினைவை இழந்தார். தம் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டே கித்தாரை மீண்டும் பயின்றார். 1987 இல் 'த ரிட்டர்ன்' என்னும் இசைத்தட்டிற்கு வாசித்தார். பலவற்றை நெட்டுருச் செய்தலினும், சிலவற்றின் தொடர்பை ஆழ உணர்ந்து நாடோறும் பயிலுதலே கலைக்கு அரணாம். பிற கலைகளைப் பயிலும் நம்மனோர்க்கும் இஃது ஒக்கும்.