பயிற்சி மதிப்பெண் பதவி உயர்வைத் தீர்மானிக்கலாமா?

கேள்வி: நான் நேரடித் தேர்வில் உதவி ஆய்வாளரானவன். தேர்வுப் பட்டியலில் எனக்குக் கீழே இருந்த சக அதிகாரி, ஆய்வாளர் பதவி உயர்வுக்கான பேனலில் எனக்கு மேலே இருக்கிறார். பயிற்சியில் அவர் வாங்கிய மதிப்பெண்தான் காரணம் என்கிறார்கள். கவாத்திலும் துப்பாக்கி சுடுவதிலும் நான் வாங்கியது எவ்வளவு என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. இது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பயிற்சி மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதாலேயே பேனல் செல்லாததாகிவிடாது. உங்கள் பணி விதி அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கான 1954ஆம் ஆண்டுத் தகுதிகாண் பருவ விதிகள், போட்டித் தேர்வு, தேசிய போலீஸ் அகாடமியில் செயல்பாடு, இறுதித் தேர்வு ஆகிய மூன்றின் மதிப்பெண்ணையும் கூட்டியே வரிசையை நிர்ணயிக்கச் சொல்கின்றன. பணியில் சேரும்போதே எல்லோருக்கும் தெரிந்த விதி அது.

உங்கள் விதி தேர்வுப் பட்டியல் வரிசையே பணிமூப்பு என்று சொன்னால், ஒரு சுற்றறிக்கையால் அதை மாற்ற முடியாது. விதி எதுவும் சொல்லாத இடத்தை நிர்வாக உத்தரவால் நிரப்பலாம், விதிக்கு முரணாக உத்தரவிட முடியாது என்று சந்த் ராம் சர்மா வழக்கில் 1967லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதுவும் ஒரு காவல்துறை அதிகாரியின் பதவி உயர்வு வழக்குதான்.

மதிப்பெண்ணை உங்களிடம் மறைத்தது தனிக் குறை. ஆண்டு ரகசியக் குறிப்பின் ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தேவ் தத் வழக்குத் தீர்ப்பு (2008). அதே நியாயத்தைப் பயிற்சி மதிப்பெண்ணுக்கும் நீங்கள் வாதிடலாம். திடலில் உழைத்தவருக்குப் பலன் கிடைக்கட்டும். ஆனால் காட்டாத மதிப்பெண்ணால் ஒருவரைப் பின்னுக்குத் தள்ளுவது, அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தரும் சம வாய்ப்புக்கு எதிரானது என்பதே என் உறுதியான கருத்து.

உடனே செய்ய வேண்டியவை: தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் மதிப்பெண் பட்டியலையும், பேனல் தயாரித்த விதி அல்லது அரசாணையின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்குக் காத்திராமல், பேனலுக்கு எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பயிற்சி முடிந்ததுமே பணிமூப்புப் பட்டியல் வெளியாகியிருந்தால், பேனலோடு அதையும் எதிர்த்தாக வேண்டும்.

தீர்வு கிடைக்காவிட்டால் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். உங்கள் சக அதிகாரியையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். சேர்க்காவிட்டால் அந்தக் காரணத்துக்காகவே மனு தள்ளுபடியாகலாம். நிலைபெற்ற பணிமூப்பை மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கலைக்கக் கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே ஆட்சேப மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.