தருமபுரி மாவட்ட இளைஞர் நலப்பணியில் சமூக ஊடகம்: தூதிலக்கண நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இளைஞர் நலப்பணியாளர் சமூக ஊடகத்தைக் கையாள வேண்டிய முறையைத் தருமபுரி மாவட்டச் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. திருக்குறளின் தூது அதிகாரம் கூறும் தகுதிகள் இதற்கு அளவுகோலாகின்றன. செய்தி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதைவிட, நேர்ப்பழக்கத்தில் விளைந்த நம்பிக்கை காக்கப்பட்டதா என்பதே இணையவழிப் பணியை மதிப்பிடும் முறை என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இளைஞர் நலப்பணி, சமூக ஊடகம், தூது, வதந்தி, மறைகாப்பு, தருமபுரி.

முன்னுரை

அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றின் 95ஆம் பாடல் வழி அறிகிறோம். அவ்வதியமானின் தகடூரே இன்றைய தருமபுரி. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்திலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர். அவருள் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் ஊரகத்தினர். பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என வேலை தேடிச் செல்லும் இளைஞர்களை ஊரோடு இணைத்து வைப்பது அலைபேசியே. ஊர்ச்சாவடியில் நிகழ்ந்த பேச்சு இன்று வாட்ஸ்அப் குழுக்களில் நிகழ்கிறது.

1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், 1972இல் தொடங்கிய நேரு யுவ கேந்திரா, தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் பணியாளர்கள் இக்குழுக்களிலும் இயங்க வேண்டியுள்ளது. தூதுரைப்பார்க்கு அன்பு, அறிவு, ஆய்ந்து பேசும் திறன் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை என்பது வள்ளுவர் கருத்து. இம்மூன்றும் இப்பணிக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பது இனிக் காணப்படும்.

அறிவு: செய்தியின் மெய்ம்மை

2018 மே மாதம், அண்டை மாவட்டமான திருவண்ணாமலையின் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தினர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். குழந்தை கடத்துவோர் என ஐயுற்ற கூட்டம் அவர்களைத் தாக்கியதில் முதியவர் ஒருவர் உயிரிழந்தார். குழந்தைக் கடத்தல் பற்றி வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச்செய்திகள் அவ்வையத்திற்கு வித்திட்டிருந்தன. அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர இயலாதவாறு இந்தியாவில் வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது.

யார் சொல்லினும் அதன் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என அறிவுடைமை அதிகாரம் வலியுறுத்துகிறது. வாட்ஸ்அப் குழுவிலோ, அனுப்பியவர் மாமா அல்லது பள்ளித்தோழர் என்பதே நம்புவதற்குப் போதுமான சான்றாகிவிடுகிறது. ஆகவே முகமறியா நிறுவனத்தின் மறுப்புரையைவிட ஊரறிந்த பணியாளரின் குரல்பதிவு மிகுதியாக எடுபடும். எங்கு, எப்போது நடந்தது, நேரில் கண்டவர் யார் என்னும் வினாக்களை எழுப்பிக் காவல் நிலையத்தில் உறுதிசெய்தபின், வட்டார வழக்கில் சுருக்கமாக அவர் பேசுதல் வேண்டும். பொய்ச்செய்தியைப் பகிர்ந்தவரைப் பலர்முன் இடித்துரைத்தால் அவர் தம் நிலையை விடாது பற்றிக்கொள்வார். தனியே அழைத்துச் சொன்னால் தாமே நீக்கவும் கூடும்.

ஆய்ந்த சொல்: சாதிப் பெருமிதக் காணொளிகள்

2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த திருமணம் ஒன்றை அடுத்து, நாய்க்கன்கொட்டாய் அருகிலுள்ள நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன. அந்நினைவு அழியாத மண்ணில் சாதிப் பெருமிதக் காணொளியை வெறும் விளையாட்டாகக் கொள்ள இயலாது. நாங்குநேரி நிகழ்வுக்குப்பின் 2023இல் அமைக்கப்பட்ட நீதிநாயகம் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணியத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. கயிற்றைப் பள்ளி வாயிலில் அகற்றலாம். அலைபேசியில் ஓடும் காணொளியை அவ்வாறு அகற்ற இயலாது.

எதிர்வினை மிகுந்த பதிவுகளை ஊடகத் தளங்கள் மேலும் பலருக்குக் காட்டுகின்றன. எனவே காணொளியின்கீழ் நிகழ்த்தப்படும் வாதம் அதற்கே விளம்பரமாகலாம். பதிவிட்ட இளைஞரை மறுநாள் ஆடுகளத்தில் சந்தித்து உரையாடுவதே பயன் தரும். மிரட்டலும் இழிவுரையும் இதற்கு விலக்கு. அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தல் கடமை. தெருக்கூத்து, சிறுதானிய வேளாண்மை போன்றவற்றைப் பல சாதி இளைஞரும் இணைந்து படமாக்க வாய்ப்பளித்தால், பெருமிதம் கொள்ள வேறு பொருளும் அவர்களுக்குக் கிட்டும்.

அன்பு: மறைகாப்பு

இம்மாவட்டத்தில் குழந்தைத் திருமணம் இன்னும் தொடர்கிறது. அத்தகைய திருமணம் ஒன்று தடுக்கப்பட்டதும், அச்சிறுமியுடன் எடுத்த படத்தை வெற்றிச்செய்தியாக வெளியிடும் விருப்பம் அமைப்புகளுக்கு எழுவது இயல்பு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில், பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடுவதைத் தடை செய்கிறது. சட்டத்தைக் கடந்தும் இதில் ஓர் அறம் உண்டு: அச்சிறுமி அதே ஊரில், அதே உறவினரிடையே வாழ வேண்டியவள். முகத்தை மறைத்தாலும் வீட்டுத் திண்ணை அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தூதிலக்கணம் முழுமையாகப் பொருந்தாத இடமும் இதுவே. தூதர் தம்மை அனுப்பிய வேந்தருக்குக் கட்டுப்பட்டவர். நலப்பணியாளரோ அனுப்பிய அமைப்பைவிட, நம்பி வந்த இளையோருக்கே முதற்கண் கடமைப்பட்டவர்.

மேலும், சிறுமியர் பலர் பயன்படுத்துவது தந்தை அல்லது அண்ணனின் அலைபேசி. திருமணம் குறித்த குறுஞ்செய்தி முதலில் அவர்கள் கண்ணிலேயே படக்கூடும். ஆகவே விவரங்களை எழுதாமல் பள்ளியில் நேரில் பேசுவதும், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை மனத்தில் பதியவைப்பதும் பாதுகாப்பான வழிகள். பணிக்கெனத் தனி எண், வரையறுத்த நேரம், உடன்பணியாளர் அறிந்த உரையாடல் ஆகியவை இருதரப்பினரையும் காக்கும்.

முடிவுரை

பொய்ச்செய்தியை மறுப்பதற்கும், சாதிப் பகையைத் தணிப்பதற்கும், சிறுமியின் மறையைக் காப்பதற்கும் அடிப்படையாவது நேர்ப்பழக்கத்தின் நம்பிக்கையே என்பது மேற்கண்டவற்றால் தெளிவாகிறது. சமூக ஊடகம் அந்நம்பிக்கையை எடுத்துச் செல்லும். தானே அதனை உண்டாக்காது. எனவே பணியாளர் பயிற்சியில் காணொளி உருவாக்கும் திறனோடு, எதனை வெளியிடாதிருத்தல் வேண்டும் என்னும் தெளிவும் பாடமாக இடம்பெறுதல் வேண்டும்.