சுகாதாரப் பாடம்: டவுன் டாக்டருக்கும் சட்டம் உண்டு



ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ராத்திரி லயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டியிருக்கிறது. விடிந்ததும் தாய் வேலைக்குப் போகாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். பெரியாஸ்பத்திரியில் வரிசை வாசல் வரை நிற்கிறது. "டவுன் டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போயிடுவோம்" என்று முடிவெடுக்கிறாள். டாக்டருக்கு ஒரு காசு, இரத்தம் பார்க்க லேபுக்கு ஒரு காசு, மருந்துக் கடைக்கு ஒரு காசு, திரும்பி வர முச்சக்கர வண்டிக்கு ஒரு காசு. அன்றைய பேரும் போய்விட்டது. வாரம் முடிவதற்குள் காதுத் தோடு அடகுக் கடையில் இருக்கிறது.

பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடை, எந்தப் பக்கம் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். டவுன் டாக்டரிடம் போவது குற்றமல்ல. ஆனால் காசு கொடுக்கும் இடத்தில் நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த இதழில் அதைப் படிப்போம்.

1. எல்லோருக்கும் சுகாதாரம் என்றால் என்ன?

தேவையான வைத்தியம் ஒவ்வொரு மனிதருக்கும் கிடைக்க வேண்டும், அதற்காக அவர் கடனாளியாகக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் எல்லோருக்கும் சுகாதாரம். 2030ஆம் ஆண்டுக்குள் இதை அடைய வேண்டும் என்று 2015இல் ஐக்கிய நாடுகள் சபையில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இலங்கையும் அதில் ஒன்று.

நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். வார்டில் தங்கி வைத்தியம் பெறுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் தங்குகிறார்கள். ஆனால் காய்ச்சல், இருமல், வயிற்றுவலி என்று மருந்து எடுத்துக்கொண்டு வீடு திரும்புபவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தனியாரிடம் போகிறார்கள். 1977 முதல் அரசாங்க டாக்டர்களும் கடமை நேரம் முடிந்த பிறகு தனியாக நோயாளர்களைப் பார்க்க அனுமதி இருக்கிறது. ஆகவே தனியார் வைத்தியத்தை ஒழுங்குபடுத்தாமல் எல்லோருக்கும் சுகாதாரம் என்று பேசுவது, கூரை பாதி ஒழுகும்போது வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான்.

2. இது நமக்குப் புதிதல்ல

தனியாருக்குச் சட்டம் போட்டு வைத்தியம் கொடுக்க வைப்பது கொழும்புக்காரர்களுக்கு உரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டமே தனியார் சொத்து. அங்கே ஒருவர் நோயில் விழுந்தால் துரையின் மனம்தான் சட்டம். அதை மாற்ற 1872இல் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைக் கவனிப்பது தோட்டத்தின் பொறுப்பு என்று அது சொன்னது. 1912இல் வந்த சட்டம் இன்னும் ஒருபடி போனது. பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் உணவும் தங்குமிடமும் தோட்டம் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது.

அந்தச் சட்டங்கள் எல்லாத் தோட்டங்களிலும் ஒழுங்காக நடந்தனவா? இல்லை. ஆனால் "இது துரை போடும் பிச்சையல்ல, கடமை" என்று சொல்லிக் கேட்க ஒரு பிடி கிடைத்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடமையாகி, 1992இல் மீண்டும் கம்பனி நிர்வாகத்துக்கு வந்தன. தோட்டத்து ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. மற்ற இடங்களில் டிஸ்பென்சரிதான் இருக்கிறது. அந்த இடைவெளியைத்தான் டவுனிலுள்ள தனியார் நிலையங்கள் நிரப்புகின்றன.

3. இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கானது. தனியார் ஆஸ்பத்திரி, செனல் நிலையம், லேப், பல் வைத்திய நிலையம், அம்புலன்ஸ் சேவை, டாக்டர் தனியாக நடத்தும் கிளினிக் எல்லாம் இதில் அடங்கும். ஒரு தடவை பதிந்தால் போதாது, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். இதைக் கவனிக்கத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவை என்று ஒன்று உண்டு. நம் பக்கத்தில் பதிவு வேலை பதுளையிலுள்ள மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகம் வழியாக நடக்கிறது.

இடத்தைப் பதிவது ஒன்று, ஆளைப் பதிவது இன்னொன்று. டாக்டராகவோ மருந்தாளராகவோ வேலை செய்பவர் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிந்திருக்க வேண்டும். வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாம் டாக்டர் அல்ல.

கட்டணத்திலும் அரசாங்கம் தலையிட முடியும். 2017இல் நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. பயந்துபோன சனங்கள் லேபுகளில் குவிந்தார்கள். அப்போது டெங்கு இரத்தப் பரிசோதனைகளுக்கு இதற்குமேல் வாங்கக் கூடாது என்று உச்சக் கட்டணம் வைத்தார்கள்.

4. மருந்தின் கதை

இதில் ஊவாவுக்கு ஒரு பெருமை உண்டு. 1920இல் பிறந்த பேராசிரியர் சேனக பிபிலே நம் ஊவா மண்ணைச் சேர்ந்தவர். ஒரே மருந்தைப் பல கம்பனிகள் பல பெயரில் பல விலைக்கு விற்பதை அவர் எதிர்த்தார். தேவையான மருந்துகளை மட்டும் தெரிவு செய்து, மருந்தின் உண்மைப் பெயரிலேயே, குறைந்த விலைக்குத் தருபவரிடம் மொத்தமாக வாங்க வேண்டும் என்றார். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு அவரே முதல் தலைவர். இன்றுள்ள ஒசுசல கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைகள்.

2015இல் வந்த சட்டத்தின்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவானது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வைக்கப்பட்டது. 2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்ததும் அந்த விலைகளை உயர்த்தினார்கள். விலை ஏறினாலும், மருந்துத் துண்டில் மருந்தின் உண்மைப் பெயரையும் எழுத வேண்டும் என்ற விதி நமக்குப் பெரிய உதவி. அதே மருந்து வேறு கம்பனியில் மலிவாக இருக்கிறதா என்று கேட்க அது வழிசெய்கிறது.

5. சட்டம் மட்டும் போதுமா?

போதாது. பதிவில்லாமல் நடக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. பில் கொடுக்காத இடங்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1997இலேயே தனியார் ஆஸ்பத்திரிகளுக்குச் சட்டம் செய்தார்கள். அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018இல். ஆக, சட்டப் புத்தகம் தானாக நடந்து நம் லயத்துக்கு வராது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தனியாரை எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும், காசு இல்லாதவருக்கு அந்தக் கதவு திறக்காது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆளும் மருந்தும் இருக்க வேண்டும், பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதை விடக் கூடாது. இரண்டு கோரிக்கையும் ஒன்றாகவே போக வேண்டும்.

6. நாம் செய்ய வேண்டியவை

• டவுனுக்குப் புறப்படுமுன் டிஸ்பென்சர் ஐயாவிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். பல நோய்க்கு அரசாங்க கிளினிக் போதும்.

• அவசரம் என்றால் 1990க்குப் பேசுங்கள். 2016இல் தொடங்கிய இந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை.

• தனியார் நிலையத்தில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா, அது இந்த வருடத்துக்கு உரியதா என்று பாருங்கள்.

• பரிசோதனை செய்யுமுன் "எவ்வளவு ஆகும்? இது கட்டாயமா? பெரியாஸ்பத்திரியில செய்யலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

• பில்லைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம். பில்லையும் மருந்துத் துண்டையும் கிளினிக் கொப்பியோடு பத்திரமாக வையுங்கள்.

• பிழை நடந்தால் திகதி, இடம், கொடுத்த காசு எல்லாம் எழுதி மாகாண சுகாதாரப் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். அது அரசியலமைப்பு தந்த உரிமை. கடைகளில் விலை கூட்டி விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977இல் அறிவியுங்கள்.

எழுதத் தெரியாதவர்களுக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். ஒருவர் போட்ட கடிதம் தனிக் கடிதம். பத்து லயத்துக்காரர் கையெழுத்து வைத்த கடிதத்தை மேசையில் மூடிவைப்பது சுலபமல்ல.

கூடிப் பேசுவதற்கு

1. கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வீட்டில் வைத்தியத்துக்குச் செலவான காசு எவ்வளவு? அதில் எவ்வளவு கடன்?

2. அதில் எந்த வைத்தியத்தை அரசாங்க ஆஸ்பத்திரியில் பெற்றிருக்கலாம்? ஏன் போகவில்லை?

3. உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் இல்லாத மூன்று முக்கியமான விஷயங்கள் எவை?

மாதர் சங்கக் கூட்டத்திலோ, கோவில் திண்ணையிலோ, பிள்ளைக் காம்பராவிலோ உட்கார்ந்து பேசுங்கள். வந்த பதில்களை எழுதி வையுங்கள். தோட்ட நிர்வாகத்திடமும் சுகாதார அலுவலகத்திடமும் பேசப் போகும்போது அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போவோம்.