பொய் சொன்ன மீட்டர்

எங்கள் வடோதராவைச் சுற்றி ரசாயன ஆலைகள் ஏராளம். அதனால் நம் குடும்பங்களில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்ப்பவர்களும், அதற்குப் படிக்கும் பிள்ளைகளும் அநேகம். அவர்களுக்காக என் அனுபவம் ஒன்றை எழுதுகிறேன்.

தொட்டியின் நீர்மட்டத்தை டிரான்ஸ்மிட்டர் மின்னோட்டமாக மாற்றி அனுப்பும். காலி என்றால் 4 மில்லி ஆம்பியர், நிறைந்தால் 20. காலிக்கு ஏன் 0 இல்லை? கம்பி அறுந்தால்தான் 0 வரும். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமல்லவா! கன்ட்ரோல் ரூமில் இதை 250 ஓம் ரெசிஸ்டர் வழியே விட்டால் 1 முதல் 5 வோல்ட் கிடைக்கும்.

அந்த ரெசிஸ்டரை எங்கே வைப்பது? வேலைக்குச் சேர்ந்த புதிதில், திரும்பி வரும் கம்பியில், சப்ளையின் நெகடிவ் பக்கம் வைத்தேன். அந்த முனை எர்த்தோடு இணைந்தது, அளப்பதும் சுலபம். மழைக்காலம் வந்தது. ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கி, திரும்பும் கம்பியிலிருந்து எர்த்துக்குக் கசிவு, சுமார் 500 ஓம். தொட்டி பாதி நிறைந்தபோது 12 மில்லி ஆம்பியர் புறப்பட்டது. 4 வழியிலேயே மண்ணுக்குப் போயிற்று. ரெசிஸ்டருக்கு வந்தது 8, அதாவது கால் தொட்டி! தொட்டி முழுக்க நிறைந்தபோதும் மீட்டர் 60 சதவீதத்தைத் தொடவில்லை. பம்ப் ஓடியது, தொட்டி வழிந்தது. நல்லவேளை, வெறும் கூலிங் வாட்டர். மெமோ வாங்கியவர் இரவு ஷிப்ட் ஆபரேட்டர், தவறு என்னுடையது. காரணம் கண்டுபிடித்து, நானே போய்ச் சொன்னேன்.

பிறகு ரெசிஸ்டரை 24 வோல்ட் சப்ளையின் பாசிடிவ் பக்கத்துக்கு மாற்றினேன். ஹை சைட் சென்சிங் என்பது இதுதான். புறப்படும் மின்னோட்டம் முழுவதும் முதலில் ரெசிஸ்டரைக் கடந்தாக வேண்டும். திரும்பும் கம்பி கசிந்தாலும் அளவு மாறாது. போகும் கம்பி கசிந்தால் அளவு கூடித்தான் காட்டும். பம்ப் முன்னதாகவே நிற்கும்.

ஆனால் இதில் ஒரு சங்கடம். நமக்கு வேண்டிய 1 முதல் 5 வோல்ட், எர்த்திலிருந்து 20 வோல்ட்டுக்கு மேல் உயரத்தில் தொங்குகிறது. இரு முனைகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்க ஒரு ஆப்-ஆம்ப்பும் சம மதிப்புள்ள நான்கு ரெசிஸ்டர்களும் தேவை. கடையில் கிடைக்கும் 1 சதவீத ரெசிஸ்டர் போதும் என்று நினைத்தேன். போதாது. நான்கின் பிழையும் ஒரே பக்கம் சேர்ந்தால் 24 வோல்ட்டில் 2 சதவீதம், ஏறக்குறைய அரை வோல்ட், விடையில் கலந்துவிடும். நம் முழு வீச்சே 4 வோல்ட்தான். அதில் இது 12 சதவீதம்! 0.1 சதவீத ரெசிஸ்டர் போட்டால் 1.2 ஆகக் குறையும். ஐஎன்ஏ117 போன்ற ஐ.சி.யில் பொருத்தமான ரெசிஸ்டர்கள் உள்ளேயே இருக்கின்றன. விலை அதிகம், தலைவலி குறைவு.

இன்னொன்று. பாட்டரி மல்டிமீட்டரை இந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் தாராளமாக வைக்கலாம். ஆஸிலாஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மட்டும் மாட்டிவிடாதீர்கள். அது எர்த்தோடு இணைந்தது. மாட்டியதும் 24 வோல்ட் ஷார்ட். எங்கள் பிரிவில் ஒரு டப்பா ஃப்யூஸ் அப்படித்தான் தீர்ந்தது.