மிதக்கும் களையும் மீனவர் வாழ்வும்

களை என்பது பிடுங்கி எறியப்பட வேண்டியது என்பது உழவர் கண்ட உண்மை. நீரில் வளரும் களையும் அத்தகையதே என்று பலர் எண்ணுகின்றனர். தமிழ்நாட்டில் ஆகாயத்தாமரை படர்ந்த ஏரியில் வலை வீசினால் மீனுக்கு மாறாகச் செடியே சிக்கும். அது நீர்ப்பரப்பை முழுவதும் மூடிவிட்டால் கதிரவன் ஒளி உள்ளே புகாது, நீரில் உயிர்வளி குறையும், மீன்கள் மடியும். ஆயினும், களையையே துணையாகக் கொண்டு மீன் பிடிக்கும் மக்களும் இந்தியாவில் வாழ்கின்றனர். அவர்களது ஏரியின் பெயர் லோக்டாக்.

மணிப்பூர் மாநிலத் தலைநகரான இம்பாலுக்குத் தெற்கே, மொய்ராங் என்னும் ஊரை அடுத்து லோக்டாக் ஏரி பரந்து கிடக்கிறது. வடகிழக்கு இந்தியாவின் மிகப்பெரிய நன்னீர் ஏரி இதுவே. இதன் நீர்ப்பரப்பில் பச்சைத் தீவுகள் பல மிதக்கின்றன. புல், நாணல், செடிகொடி ஆகியவற்றின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, மக்கிய இலைகளும் மண்ணும் சேர்ந்து இறுகி உருவான திட்டுகள் அவை. மணிப்பூர் மக்கள் அவற்றைப் ‘பும்டி’ என்பர். திட்டின் ஐந்தில் ஒரு பங்கே நீருக்கு மேல் தெரியும். எஞ்சிய பகுதி நீருக்குள் அமிழ்ந்திருக்கும். தடித்த திட்டு மனிதரின் எடையையும் தாங்கும். அதன்மேல் மூங்கிற் குடிசை கட்டி வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் பல.

மிதக்கும் திட்டைக் கொண்டு மீன் பிடிக்கும் முறைக்கு ‘அதாபும்’ என்று பெயர். மீனவர் திட்டை நீண்ட பட்டைகளாக அறுத்து, வட்டமாக இணைத்து, அது காற்றில் நகராதபடி மூங்கிற் கழிகளால் நிறுத்துவர். வட்டத்தின் உள்ளே நீர்ச்செடிகளை இட்டு நிரப்புவர். மீனுக்கு இரையும் இடுவர். நிழலும் இரையும் நாடி மீன்கள் அங்கே வந்து தங்கும். தக்க காலம் வந்ததும் வட்டத்தைச் சுற்றி வலையைக் கட்டி, உள்ளிருக்கும் செடிகளை அப்புறப்படுத்தி, வலையை ஒடுக்கி மீன்களை அள்ளுவர். இவ்வாறு, வலைக்குத் தடையான களையே மீனுக்கு வீடாகி, மீனவருக்கு உணவும் அளித்தது. பிடித்த மீனை விற்பவர் பெரும்பாலும் பெண்களே. பெண்களே கடை நடத்தும் இம்பாலின் ‘இமா கெய்தல்’ சந்தையிலும் மீன் விற்பனை நடைபெறுகிறது. ‘இமா’ என்னும் மணிப்புரிச் சொல்லுக்குத் தாய் என்பது பொருள்.

முற்காலத்தில் ஏரியின் நீர் ஆண்டுதோறும் ஏறி இறங்கியது. கோடையில் நீர் வற்றும்போது திட்டுகள் தரையைத் தொடும். வேர்கள் சேற்றிலிருந்து ஊட்டம் பெறும். மழைக்காலத்தில் திட்டுகள் மீண்டும் எழும். அவற்றுள் ஒரு பகுதி மணிப்பூர் ஆற்றின் வழியே வெளியேறும். ஆதலால், களை அளவு கடந்து பெருகவில்லை. 1983ஆம் ஆண்டு இதாய் என்னுமிடத்தில் நீர்மின் திட்டத்திற்காகத் தடுப்பணை இயங்கத் தொடங்கியது. மின்சாரம் கிடைத்தது, ஆனால் ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் உயர்ந்தே நின்றது. வெளியேற வழியின்றித் திட்டுகள் பெருகி, ஓடம் செல்லும் வழியை அடைத்தன. ஆற்றின் வழியே ஏரிக்கு வந்துகொண்டிருந்த ‘பெங்பா’ என்னும் மீனின் வரவும் நின்றது. அது மணிப்பூரின் மாநில மீன். இன்று பண்ணைகளில் வளர்க்கப்படுகிறது.

ஏரியின் தென்கிழக்கே நேர்ந்தது வேறு. அங்கு மிதக்கும் திட்டுகளின்மேல் அமைந்துள்ள கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்காவில் ‘சங்காய்’ என்னும் அரிய மான் வாழ்கிறது. 1975ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 14 மான்களே காணப்பட்டன. பாதுகாப்பினால் அவற்றின் எண்ணிக்கை பின்னர் உயர்ந்தது. ஆனால், தரையைத் தொட்டு ஊட்டம் பெற இயலாத திட்டுகள் அங்கே மெலிந்து வருகின்றன. மெலிந்த திட்டு மானின் எடையைத் தாங்காது. ஒரே ஏரியில் ஓரிடத்தில் களை மிகுவதால் இடர். மற்றோரிடத்தில் மெலிவதால் இடர்.

ஏரியைக் காக்க 2006ஆம் ஆண்டு மாநில அரசு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, ஏரியின் மையப் பகுதியில் குடிசை கட்டுவதும் அதாபும் அமைப்பதும் தடை செய்யப்பட்டன. 2011ஆம் ஆண்டு பல நூறு குடிசைகள் அகற்றப்பட்டன. அதாபும் பெருகியதும் ஏரி கெடக் காரணம் என்பது அரசின் கருத்து. நீரின் ஏற்ற இறக்கத்தைத் தடுத்த அணையே முதற்காரணம் என்பது மீனவரின் கருத்து. மின்சாரமும் வேண்டும், மீனும் மானும் வாழ வேண்டும், மீனவரும் வாழ வேண்டும். களையை அகற்றுவதால் மட்டும் இவ்வழக்கு தீராது. நீரைத் தேக்குவதிலும் திறப்பதிலும் இவர்கள் அனைவரையும் எண்ணிப் பார்த்தாலன்றி லோக்டாக் ஏரிக்கு நன்மை இல்லை.

சொற்பொருள்
உயிர்வளி – ஆக்சிஜன்
திட்டு – மேடான சிறு நிலப்பகுதி
மடியும் – இறக்கும்
இடர் – துன்பம்

பயிற்சி
அ. பிரித்து எழுதுக: நீர்ப்பரப்பு, ஏரிக்கு, முதற்காரணம்.

ஆ. விடை எழுதுக:
1. ‘பும்டி’ எவ்வாறு உருவாகிறது?
2. அதாபும் முறையில் மீன்கள் வட்டத்திற்குள் வருவது ஏன்?
3. தடுப்பணைக்குப் பின் ஏரியில் நிகழ்ந்த மாற்றங்கள் இரண்டினைக் கூறுக.
4. அரசின் கருத்து, மீனவரின் கருத்து ஆகியவற்றுள் உமக்கு ஏற்புடையது எது? காரணம் தருக.

இ. உம் குடும்பத்தாரின் சொந்த ஊரில் உள்ள ஏரி அல்லது குளத்தில் எவ்வாறு மீன் பிடித்தனர் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.