மூச்சு வாங்கட்டும், அப்புறம் தூக்கு!

ஸ்குவாட் முடிச்சு பாரை ரேக்ல வெச்சதும், மூச்சு அடங்குறதுக்குள்ள அடுத்த செட்டுக்குப் போய் நிக்கிறியாமே? உட்கார்ந்தா உடம்பு ஆறிப்போயிடும், கொழுப்பு கரையாதுன்னு யார் உனக்குச் சொன்னது? வியர்வைதான் கணக்குன்னா, மே மாசம் மொட்டை மாடியில வடாம் காயப்போடுறவங்க எல்லாரும் பயில்வான்தான்.

கனமா தூக்குற அந்தச் சில விநாடிக்குத் தசை முக்கியமா கிரியேட்டின் பாஸ்பேட்டைத்தான் செலவு பண்ணுது. அதுல கணிசமான பங்கு ஒரு நிமிஷத்துல திரும்பிடும். மிச்சம் மெதுவாத்தான் ஊறும். கிட்டத்தட்ட முழுசா நிரம்ப 3லேர்ந்து 5 நிமிஷம் பிடிக்கும். அதனால ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ்னா தாராளமா 3 நிமிஷம் எடுத்துக்கோ. 5 ரெப்ஸுக்கு மேல வராத அளவுக்கு எடை ஏத்தினா, 5 நிமிஷம்கூடத் தப்பில்ல. லாட் புல்டவுன், ரோயிங் மாதிரியானதுக்கு 2 நிமிஷம். பைசெப்ஸ் கர்ல், லேட்ரல் ரெய்ஸுக்கு ஒண்ணு, ஒன்றரை நிமிஷமே போதும்.

தசை வளரணும்னா 30லேர்ந்து 90 விநாடிக்குள்ள அடுத்த செட் போடணும்னு பல வருஷமா ஒரு பேச்சு உண்டு. குறைவா ரெஸ்ட் எடுத்தா குரோத் ஹார்மோன் எகிறும்னு காரணம் சொல்வாங்க. எகிறுறது நிஜம்தான். ஆனா கொஞ்ச நேரத்துல அடங்கிடும் அந்த ஏத்தத்தால தசை கூடுதலா வளருதுன்னு சொல்ல ஆதாரம் பலமா இல்ல. 2016ல பிராட் ஷோன்ஃபெல்டும் கூட்டாளிகளும், ஏற்கெனவே எடை தூக்கிப் பழகின இளைஞர்களை ரெண்டா பிரிச்சு, ஒரு குழுவுக்கு 1 நிமிஷம், இன்னொண்ணுக்கு 3 நிமிஷம் ரெஸ்ட் கொடுத்து 8 வாரம் பார்த்தாங்க. 3 நிமிஷக்காரங்களுக்குத்தான் பலமும் அதிகம், முன்தொடைத் தசையும் அதிகம். சின்ன ஆய்வு, அதுவும் ஆம்பளைங்க மட்டும், வேதவாக்கா எடுத்துக்காதே. பொதுவா பொம்பளைங்க நம்ம தசை அவங்களைவிடக் கொஞ்சம் மெதுவாத்தான் சோர்வடையும். உனக்கு 2 நிமிஷத்துலயே தெம்பு வந்துட்டா தூக்கு, யாரும் கேட்கப்போறதில்ல.

தெம்பு வந்துச்சான்னு எப்படித் தெரியும்? நடுவுல மூச்சு வாங்காம ஒரு முழு வாக்கியம் பேச முடியுதான்னு பாரு. அதைவிட நம்பகமானது ரெப்ஸ். முதல் செட் 10, அடுத்தது 9, அப்புறம் 8னு இறங்கினா சரி. 10, 6, 4ன்னு சரிஞ்சா ரெஸ்ட் பத்தலைன்னு அர்த்தம். உடனே பிளேட்டைக் கழட்டாதே, ஒரு நிமிஷம் கூட்டிப் பாரு.

ஆபீஸுக்கு நேரமாச்சுன்னா, எதிரெதிர்த் தசைகளை ஜோடி போட்டுக்கோ. டம்பெல் பிரஸ் ஒரு செட், ஒரு நிமிஷம் கழிச்சு டம்பெல் ரோ ஒரு செட். நெஞ்சு ஓய்வெடுக்குறப்போ முதுகு வேலை செய்யும். ஒரே பெஞ்சுல முடிஞ்சுடும். சாயங்காலக் கூட்டத்துல ரெண்டு மெஷினைப் பிடிச்சு வெச்சுக்கிட்டா அடி விழும்! ஸ்குவாட்டையும் டெட்லிஃப்டையும் மட்டும் இப்படிக் கோர்க்காதே, இடுப்பு ரெண்டுக்கும் சேர்த்து உழைக்கணும்.

ரெஸ்ட்ல போனைத் தொடணும்னா டைமர் போட்டுட்டுத் தொடு. ரீல்ஸ் பார்க்க ஆரம்பிச்சா 3 நிமிஷம் 10 ஆயிடும். மெதுவா நட, ரெண்டு வாய் தண்ணி குடி. யாராவது காத்துக்கிட்டு நின்னா, "நடுவுல நீங்க ஒரு செட் போட்டுக்கோங்க அக்கா"ன்னு சொல்லு; அவங்க முடிக்கிறதுக்குள்ள உன் ரெஸ்ட் பாதி ஓடியிருக்கும். தலை சுத்தினா, நெஞ்சு இறுக்கினா அன்னிக்கு அதோட நிறுத்திடு. அம்மாவும் உன்கூட வர்றதா சொன்னாங்க. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க, டாக்டரைக் கேட்காம எடை தூக்க விடாதே. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தூக்கவே கூடாதுன்னும் சொல்லிடு.

நோட்டுல எடையும் ரெப்ஸும் எழுதுறப்போ ரெஸ்ட் எத்தனை நிமிஷம்னும் பக்கத்துலயே குறிச்சுக்கோ. போன வாரம் 30 கிலோ, 3 நிமிஷம் விட்டு 8 தடவை. இந்த வாரம் அதே 30 கிலோ, ஒரு நிமிஷம் விட்டு 6 தடவைன்னா, பலம் குறைஞ்சுடுச்சுன்னு எனக்குப் போன் பண்ணி அழாதே.