கம்பிக்கு அடியிலும் பார்

பெங்களூரில் முதல் சைட்டில் நிற்கப் போகிறாய், தம்பி. மாமா சொல்வதில் கொஞ்சமாவது காதில் போட்டுக்கொள்.

1. கம்பியையும் கான்கிரீட்டையும் தனித்தனியாகப் பார்க்க ஆள் நிறைய உண்டு. நீ இரண்டும் ஒட்டுகிற இடத்தைப் பார். கான்கிரீட்டின் காரம்தான் கம்பிமேல் மெல்லிய படலமாகி, துருவை அண்டவிடாமல் காக்கிறது. ஒட்டாத இடத்தில் அந்தக் காவல் இல்லை. துரு பிடித்தால் இரும்பு பல மடங்கு உப்பிக் கான்கிரீட்டையே பிளந்துவிடும்.

2. தண்ணீர் விஷயத்தில் தாட்சண்யம் பார்க்காதே. கலவையில் மிஞ்சிய தண்ணீர் மேலேறி வரும்போது, படுக்கைக் கம்பி குறுக்கிட்டால் அதன் அடியிலேயே தங்கிவிடும். காய்ந்தபின் அங்கே வெற்றிடம்தான். உயரமான பீமில் மேல்கம்பிக்கு இந்தத் தொல்லை அதிகம். ஜெயநகரில் ஒரு பழைய பால்கனி பீமை உடைத்தபோது பார்த்தேன்: கம்பியின் மேல்பக்கம் புதுசுபோல் இருந்தது, அதன் முறுக்கு வரிகள் கான்கிரீட்டில் அச்சாகப் பதிந்திருந்தன. அடிப்பக்கம் மட்டும் பழுப்பாகப் பொரிந்து, நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. "கொஞ்சம் தண்ணி விடலாமா சார்?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே மாட்டேன் என்று சொல்லப் பழகு.

3. டேங்கர் தண்ணீர் இன்று ஒரு போர்வெல், நாளை வேறொன்று. சோதித்துவிட்டுக் கலக்கு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநூல் தரும் எல்லை.

4. ஷட்டரிங் ஆயிலைக் கம்பி கட்டுவதற்கு முன்பே பலகையில் பூசச் சொல். பிறகு பூசினால் கம்பியிலும் வழியும், பிடிப்புப் போய்விடும். அதட்டாதே. கம்பி கட்டுகிறவர் ராய்ச்சூர்க்காரரோ பீகார்க்காரரோ, அவர் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள். உன் படிப்பைவிட அது சைட்டில் அதிகம் செல்லுபடியாகும்.

5. 2021 டிசம்பரில் பீன்யா மேம்பாலத்தை மூடினார்கள். 102, 103ஆம் தூண்களுக்கு நடுவே கேபிள் பழுது. கனரக வண்டிகள் மறுபடி ஏற 2024 ஆகிவிட்டது. அத்தகைய பாலங்களில் கேபிளைக் குழாய்க்குள் இழுத்துக் கட்டி, சிமெண்ட் குழம்பால் நிரப்புவது வழக்கம். குழம்பு எட்டாத இடத்தில் ஈரம் குடியேறும். வீட்டுப் பீமோ பெரிய பாலமோ, இரும்பைச் சுற்றி இடைவெளி விடக்கூடாது.

6. கான்கிரீட் கொட்டுமுன் குனிந்து, கம்பி பலகையில் ஒட்டாமல் தாங்கும் கவர் பிளாக்குகளைப் பார். வைப்ரேட்டர் பிடிக்கிறவர் டீ குடிக்கப் போயிருந்தால், அவர் வரும்வரை ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டி நிற்கட்டும். ஆபீசிலிருந்து போன் வரும். எடுத்து மரியாதையாகப் பேசு, வண்டியை மட்டும் விடாதே.